செவிடி அருவிக்கு எத்தனை மணி நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஊர்ச்சபை என்னிடம் கேட்டது ஓர் எண். ஒரே ஓர் எண். பச்சை வண்ணம் அடித்த பலகையில் "செவிடி அருவிக்கு ஆகும் நேரம் ——" என்று எழுதி, அந்தக் கோட்டின் மேல் எண்ணை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. பலகை என் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கோடு காலியாக இருக்கிறது. நாளை ஞாயிறு, பத்து மணிக்குச் சபை. நான் எண்ணை விட்டுவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத்தாளன் அல்ல, சாந்தா மர்த்தா என்ற மலையூரின் சபைக்கு எழுத்தர். எங்கள் மலையில் பொறுப்புகளை யாரும் கேட்டு வாங்குவதில்லை. சபை கூடி உன் பெயரைச் சொன்னால் அது உன் தலையில் விழுந்ததுதான். சம்பளமும் கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. என் கையெழுத்து அழகு என்பதால் எழுத்தர் வேலை எனக்கு வந்தது. [சரியாகச் சொன்னால், மற்றவர்கள் கையெழுத்து மோசம் என்பதால்.] சபையில் பேசியதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று யாராவது எழுந்து நின்றால் அங்கேயே அடித்துத் திருத்த வேண்டும். எல்லாரும் எழுந்து நின்று கை உயர்த்திய பிறகுதான் எழுதியது நடந்ததாகும். அதுவரை அது வெறும் மை.

இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எதை எழுதினாலும், யாரோ எழுந்து நிற்கப் போகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே எழுதுகிறேன். நீங்களும் எழுந்து நிற்கலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நவம்பர் மாதத்தின் பனி படர்ந்த காலையில், பைன் மரங்களின் நடுவே, மூன்று உருவங்கள் மெல்ல..." [அடித்துவிட்டேன். உருவங்களாவது ஒன்றாவது. நான், என் அக்கா தொமாசா, சபைத் தலைவர் இலாரியோ. எங்கள் மூன்று பேரையும் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.]

"செவிடிக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், நீங்கள் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே..." [இருக்கட்டும். பிறகு உதவும்.]

"என் அக்காவின் வலது முழங்கால்..."

இங்கே பேனா நின்றுவிட்டது. கதை அந்த முழங்காலில்தான் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது போலும்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. ஊரில் அவள் பொறுப்பு செவிடிப் பாதையின் காவல். விழுந்த மரத்தை அகற்றுவது, வருகிறவர்களைக் கூட்டிப் போவது, திரும்பி வந்த தலைகளை எண்ணுவது. அந்தப் பாதையே அவள் கண்டுபிடித்ததுதான். முன்பெல்லாம் செவிடியை மேலே பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கத்தான் முடியும். நகரத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், இரும்புக் கம்பியும் கயிறும் இல்லாமல் மனுஷன் இறங்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா பதினொரு நாள் விளிம்பில் உட்கார்ந்து, காட்டு ஆடுகள் எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்குகின்றன என்று பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் ஊரைக் கூட்டிப் போய் விரலை நீட்டி "இங்க" என்றாள்.

மூன்று குளிர்காலம். வீட்டுக்கு ஓர் ஆள், கூலியில்லாத ஊர்வேலை. கல்லும் ஓக் கட்டையும் முதுகில் சுமந்தோம். கடைசி இறக்கத்தில் மட்டும் நூற்று நாற்பத்தெட்டுப் படிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படி. அதில் அரசாங்கம் வைத்த கல் ஒன்றுகூட இல்லை. இதை எழுதும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும்.

போன மே மாதம் ஆற்றுத் துறையில் வழுக்கி அக்காவின் முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு அவள் அருவி வரை போனதில்லை. எனக்கு மட்டும் தெரியும். பாதை முகப்பில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் "போங்க போங்க, இதோ இங்கதான்" என்று கை காட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

3

அந்த "இதோ இங்கதான்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வழி கேட்கிறவரிடம் தூரம் என்று சொல்வது மரியாதையில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட ஒன்றுமில்லை என்று சொல்வதைப் போன்றது அது. அதனால் செவிடி எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், மூன்று வயதுப் பிள்ளையிலிருந்து பாதிரியார் வரை ஒரே பதில்தான்: "இதோ இங்கதான், அந்த மேட்டுக்குப் பின்னாடி." மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும். பாதி வழியில் எதிரே வருகிறவரைக் கேட்டால் "வந்தாச்சு, அவ்வளவுதான்" என்பார். நாங்கள் இதைப் பொய்யாக நினைப்பதில்லை. நடக்கிறவன் காலுக்குக் கொடுக்கும் ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான்.

பழைய பலகையில் "20 நிமிடம்" என்று இருந்தது. எழுதியவன் நான், கை உயர்த்தியது ஊர். அக்டோபரில் புவெப்லா நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி அதையும், எங்கள் "மேட்டுக்குப் பின்னாடி"யையும் நம்பி, மாலை நாலு மணிக்கு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு கிளம்பினார்கள். அடி எதுவும் படவில்லை. ஆனால் இருட்டில் அவர்களை மேலே கொண்டுவர அரை ஊர் இறங்க வேண்டியிருந்தது. மேலே வந்து சேர்ந்ததும் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்த மேடு?"



அடுத்த சபையில் இலாரியோ எழுந்து நின்றார். "இனிமே நெசமான நேரத்தப் போடுவோம். கடியாரம் வச்சு நடப்போம். பாதைக்காரி முன்னால நடக்கட்டும், நான் கூடப் போறேன், எழுத்தரு எழுதட்டும். அவ எத்தன நேரத்துல போய்ச் சேர்றாளோ, அதான் பலகையில."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாதைக்காரி அருவிக்குப் போயே ஆறு மாசமாச்சுன்னு பேசிக்கிறாங்களே?"

அக்கா எழுந்தாள். [சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதை நான் அன்று குறிப்பேட்டில் எழுதவில்லை.]

"யாரு பேசிக்கிறா? எந்திரிச்சு நின்னு பேசு. உக்காந்துகிட்டுப் பேசறதெல்லாம் சபையில பேச்சா?"

யாரும் எழவில்லை.

"வெள்ளிக்கெழம காலையில. தலைவர நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா வழியில மூச்சு வாங்குனா தூக்கிட்டெல்லாம் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சபை சிரித்தது. இலாரியோவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு தீர்மானம் வந்தது: பாதைக்காரியால் அருவி வரை போக முடியவில்லை என்றால் பொறுப்பு வேறு ஆளுக்கு மாறும். அதை என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

4

வெள்ளி, காலை 8.10*. கோயில் முற்றத்திலிருந்து கிளம்பினோம். அக்கா தொப்பி, வெட்டரிவாள், சோளமாவில் அவரை வைத்து இலையில் பொதிந்து அவித்த தமால் ஆறு, ஒரு சின்னக் குப்பியில் மெஸ்கால் சாராயம் எல்லாம் எடுத்துவந்தாள். பாவாடைக்குள் முழங்காலைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. காலையில் அதைக் கட்டிவிட்டவன் நான்.

[* இது கடவுள் மணி. கோடைக்காலத்தில் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும்படி அரசாங்கம் சொன்ன வருடங்களில்கூட எங்கள் ஊர் தள்ளவில்லை. கடைசியில் அரசாங்கமே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம், அது சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது.]

குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

8.32. சோளக்கொல்லை முடியும் இடம். பாதைக்காரி நின்றாள். காரணம்: செருப்பு வார்.

8.41. நின்றாள். காரணம்: ஓக் கிளையில் ஒட்டுச்செடி பூத்திருக்கிறது. தலைவருக்குக் காட்டினாள்.

8.55. நின்றாள். காரணம்: தலைவரின் மாமனார் கழுதையிலிருந்து விழுந்த இடம். முழுக் கதையும் சொன்னாள்.

9.14. நின்றாள். காரணம்: அந்தக் கழுதையின் கதை.

"இந்தக் கதைய நான் நாப்பது தடவ கேட்டிருக்கேன் தொமாசா," என்றார் இலாரியோ, ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டு.

"உங்க மாமனாரு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கழுத பக்கத்து நியாயத்த யாரு சொன்னா?"

"அதுவும் சரிதான். சொல்லு."

பாவம் அக்கா, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சாக்கு தேட வேண்டியிருந்தது. [இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆயுசு கெட்டியில்லை.]

5

கதை என்றால் எதிராளி வேண்டுமே. முதல் வரைவில் இலாரியோவுக்கு முறுக்கிய மீசை வைத்தேன், கண்ணை இடுக்கிப் பார்க்க வைத்தேன். பாதைக் காவலைத் தன் மருமகளுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் இத்தனையும் செய்கிறார் என்றும் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு மீசையே கிடையாது. மருமகளோ, அந்தப் படிகளில் தினமும் இறங்கச் சொன்னால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். ஊற்றடிக்கு வந்தபோது மணி 10.05. அங்கே முதலில் உட்கார்ந்தது இலாரியோ. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "அந்தக் கழுதக் கதைய இன்னொரு தரம் சொல்லேன்," என்றார்.

அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியதா, இல்லை முழங்கால் விஷயம் தெரிந்து வேண்டுமென்றே உட்கார்ந்தாரா? இந்தக் கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இங்கேதான். நேற்றே அவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன்.

"எதுக்குக் கேக்குற? எழுதப் போறியா?"

"ஆமா."

"அப்ப மூச்சு வாங்குச்சுன்னே எழுதிக்க."

இது பதிலில்லை. ஆனால் அவர் சொன்னதை எழுதுவது என் வேலை, எழுதிவிட்டேன்.

6

10.50. ஆற்றுத் துறை.

தண்ணீருக்குக் குறுக்கே ஐந்து கற்கள். ஐந்தும் அக்கா தேர்ந்தெடுத்துப் புரட்டிப் போட வைத்தவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எட்டு வைக்க முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். மூன்றாவது கல்லில்தான் மே மாதம் அவள் விழுந்தாள்.

அக்கா கரையில் நின்றாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காரணத்துக்காகக் காத்திருந்தேன். செருப்பு வாரா, பூவா, கழுதையா? அந்த இடம் குறிப்பேட்டில் காலியாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இலாரியோ அவள் காலைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நபோரு, கடியாரத்த நிறுத்து," என்றார் என்னிடம்.

"எதுக்கு?"

"நிறுத்துடான்னா. இப்படியே திரும்பிப் போயிடுவோம். ஒன்னே முக்கா மணி நேரம்னு போடு. நல்ல காலு உள்ள ஆளுக்கு அவ்வளவுதான் ஆகும், அது பொய்யில்ல. தொமாசா அருவி வரைக்கும் வந்தாச்சு, நான் பாத்தேன், நீயும் பாத்த. வேற யாருக்குத் தெரியணும்?"

[இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கட்டைவிரல் அதற்குள் கடிகாரத்தின் பொத்தானில் இருந்தது. எங்கள் சபையில் எழுதியதற்கு எவ்வளவு மதிப்பு என்று இவ்வளவு நேரம் உங்களிடம் பெருமை பேசியவன் நான். அக்காவின் பொறுப்பு போய்விடக் கூடாது என்பதற்காக அந்தக் குறிப்பேட்டில் பொய் எழுதத் தயாராக இருந்தேன். அழுத்துவதற்கு அரை நொடிதான் பாக்கி.]

"யாரக் கேட்டுடா நிறுத்துற?" என்றாள் அக்கா.

"அக்கா, தலைவரு உன் நல்லதுக்குத்தான..."

"தலைவரே, உங்க நல்ல மனசுக்கு நன்றி. ஆறு மாசமா நான் சொன்ன பொய்யே எனக்கு இன்னும் செரிக்கல. இதுல நீங்க வேற பந்தி போடாதீங்க." அவள் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "முட்டி போச்சு. மே மாசம், அதோ அந்த மூணாவது கல்லுல. போதுமா? கடியாரம் ஓடட்டும்."

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். கற்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவற்றுக்குப் பக்கத்தில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். தொடை வரை தண்ணீர், நவம்பர் மாதக் குளிர். இலாரியோ தன் கைத்தடியை நீட்டினார். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கல்லு மேல வாங்க," என்றாள் ஆற்றின் நடுவிலிருந்து. "உங்களுக்காகத்தான போட்டது."

7

படிகளின் உச்சி. 11.14.

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு முறை மழை பெய்ய வைத்தேன். மழை பெய்தால் படி வழுக்கும், அக்கா மெதுவாகப் போனதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கும் என்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கு வானம் துடைத்து வைத்தது போல இருந்தது.

அதனால் நடந்ததையே எழுதுகிறேன். அக்கா முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, நல்ல காலை முன்னால் நீட்டி, உடம்பை அடுத்த படிக்கு இறக்கினாள். பிறகு அடுத்தது. நூற்று நாற்பத்தெட்டுப் படிகளையும் என் அக்கா உட்கார்ந்தே இறங்கினாள்.

நானும் இலாரியோவும் பின்னால் நின்றோம். நிற்பது அவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பத்துப் படி போன பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். எங்களிடம் இல்லை, படிகளிடம். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, எந்த வீட்டுப் படி என்று சொல்லிக்கொண்டே போனாள். "நிக்கானோர் வீட்டுது. கெட்டி. ரெண்டு அக்கா தங்கச்சி வச்சது, இதுவும் கெட்டி. பாதிரியாரு படி, பரவால்ல." முப்பத்தேழாவது படியில் நின்றாள்.

"தலைவரே, இது உங்களது. ஆடுது."

"என் படியா? ஆடவே ஆடாது. வாராவாரம் மிதிச்சிட்டுப் போறேன்."

"மிதிச்சுட்டுப் போறவருக்கு எப்படித் தெரியும்? ஒரே எட்டுல தாண்டிடுறீங்க. உக்காந்து பாருங்க."

இலாரியோ கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். படி ஆடியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அடிமண் அரித்துப் போயிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது.

"சரி, அடுத்ததயும் பாப்போம்," என்று அவர் எழுந்திருக்காமல் அப்படியே அடுத்த படிக்கு இறங்கினார். நான் மட்டும் நின்றுகொண்டு என்ன செய்ய? குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். சாந்தா மர்த்தா ஊரின் தலைவரும், எழுத்தரும், பாதைக்காரியும் வரிசையாக உட்கார்ந்தபடி மலை இறங்கினோம். அறுபத்தொன்று ஆடியது. நூற்றுப் பன்னிரண்டு ஆடியது. எழுதிக்கொண்டேன்.

எழுபத்தெட்டாவது படியில் நாங்கள் இருந்தபோது, மேலிருந்து இரண்டு மாணவிகள் வந்தார்கள், முதுகில் பையோடு. எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒருத்தி மரியாதையாகக் கேட்டாள்.

"அருவி இன்னும் ரொம்ப தூரமாங்க?"

"இதோ இங்க..." என்று அக்காவின் வாய் தானாகத் திறந்தது. பாதியில் மூடியது. ஒரு மூச்சு விட்டாள்.

"இன்னும் எழுவது படி," என்றாள். "பாத்துப் போம்மா. நூத்திப் பன்னெண்டாவது படி ஆடுற மாதிரி இருக்கு, எதுக்கும் ஓரமா மிதி."

[திருத்தம்: நூற்றுப் பன்னிரண்டுக்கு நாங்கள் அதுவரை போகவில்லையே, எப்படித் தெரியும் என்று நீங்கள் எழுந்து நிற்பீர்கள். நானும் அதையே கேட்டேன். "அது உன் வீட்டுப் படி. நீ வச்சது. ஆடாம என்ன செய்யும்?" என்றாள்.]

எங்கள் ஊரில் தூரம் கேட்ட ஒருவருக்கு ஓர் எண் பதிலாகக் கிடைத்தது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

8

12.02. செவிடி.

வர்ணிக்க மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தேவையில்லை, பார்க்காதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அக்கா குப்பியைத் திறந்து வழக்கப்படி முதல் வாயை மண்ணுக்கு ஊற்றினாள், அடுத்ததைத் தலைவருக்குக் கொடுத்தாள். பிறகு தடியை ஊன்றி எழுந்து, சாரல் முகத்தில் அடிக்கும் இடம் வரை போய் நின்று கத்தினாள்.

"வந்துட்டேன்டி!"

அது காதில் வாங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தது. அக்கா நனைந்துகொண்டே சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு நல்ல சொல்லாகத் தேடிப் பார்த்தேன், இதுதான் சரியான சொல். இவள் என் அக்கா, இது எங்கள் பாதை, நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அந்த மாணவிகளிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. சாரல் என்று சொல்லித் தப்பித்தேன்.

தமாலைப் பிரித்துக்கொண்டே எண்ணைப் பற்றிப் பேசினோம்.

"ஒன்னே முக்கான்னே போடுவோம்," என்றார் இலாரியோ.

"தீர்மானத்துல என்ன இருக்கு? பாதைக்காரி எத்தன நேரத்துல போறாளோ அது. எழுத்தரே, எத்தன?" என்றாள் அக்கா.

"மூணு மணி அம்பத்திரண்டு நிமிஷம்."

"அதப் போட்டா எவன் வருவான், தொமாசா?"

"வர்றவன் ஒன்னே முக்கால்ல வந்து சேந்துட்டு, அடேயப்பா நம்ம காலு எப்பேர்ப்பட்ட காலுன்னு பெருமப்பட்டுட்டுப் போறான். இருவது நிமிஷம்னு போட்டு இத்தன வருஷமா வந்தவன எல்லாம் கேவலப்படுத்தி அனுப்பினோம். இனிமே நம்ம ஊருக்கு வந்தவன் ஒருத்தனும் தல குனிஞ்சு திரும்பக் கூடாது."

இலாரியோ அடுத்த தமாலைப் பிரித்தார். "நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் இத்தன நேரம்னு சபையில கேப்பாங்க. அப்ப இவன் எல்லாத்தையும் வாசிக்கணும். உக்காந்து எறங்கினத. உக்காந்து போனதெல்லாம் போனதாகுமான்னு பின்வரிசைக்காரன் கேப்பான். பொறுப்பு போனாலும் போயிடும்."

அக்கா தமால் இலையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுடா," என்றாள்.

9

இன்று காலை வாசித்துக் காட்டினேன்.

அவள் காபி குடித்துக்கொண்டே, காலை ஒரு மூட்டையின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டாம் வரைவில் எங்களோடு ஒரு நாயும் வந்தது; கதைக்கு அழகு என்று சேர்த்திருந்தேன்.

"யாரு நாய் இது?"

"கதைக்காக."

"அந்த நாய வீட்டுக்கு அனுப்பு."

அனுப்பிவிட்டேன். பொறியாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம் காரமாக எழுதலாம் என்றாள். கழுதையின் கதை முழுசாக இல்லையே என்று வருத்தப்பட்டாள். என் கட்டைவிரல் விஷயம் வந்ததும், "அத விட்டுடாத. உன்னோடதும் இருக்கட்டும்," என்றாள். பிறகு பேனாவை வாங்கி, நான்காம் பகுதியில் ஒரு சொல்லை அடித்தாள். இன்னும் ஐந்து இடத்தில் அதே சொல்லைத் தேடிப் பிடித்து அடித்தாள். பாவம் என்ற சொல். [நான்காம் பகுதியில் அது இன்னும் இருக்கிறது என்றால், அவள் அடித்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான்தான் விட்டு வைத்திருக்கிறேன்.]

"அப்ப உக்காந்து எறங்கினதயும் அடிச்சிடவா?" என்று கேட்டேன். அடித்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லமாட்டாளா என்று ஆசையும் இருந்தது.

"அத எதுக்கு அடிக்கிற? அது நடந்தது. பாவம்னு ஒன்னு நடக்கவே இல்ல."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறாள், கோணல் எழுத்தில்: *37, 61, 112. அடுத்த ஊர்வேலையில் மாற்றணும்.*

10

முடிவுகள்.

முதல் முடிவு: பலகையில் ஒன்றே முக்கால் மணி நேரம். நான் சுருக்கமாக வாசிக்கிறேன், சபை சந்தோஷமாகக் கை உயர்த்துகிறது. அக்காவின் பொறுப்பு நிற்கிறது. மூன்று படிகள் ஏன் ஆடுகின்றன, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் முடிவு: மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பின்வரிசைக்காரன் எழுந்து நிற்கிறான். "உக்காந்து போனதெல்லாம்..." அவனுக்குப் பதில் சொல்ல இலாரியோ எழுவாரா? [எழுவார் என்று எழுதிப் பார்த்தேன். அந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கு இப்போது நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனாலும் நாளை நடப்பதை இன்றைக்கு எழுதினால் அது வெறும் மைதான்.]

மூன்றாம் முடிவு: எண்ணே வேண்டாம், "இதோ இங்கதான்" என்று போட்டுவிடலாம். இதை அக்காவிடம் சொன்னபோது, "எந்த மேடு?" என்று கேட்டாள்.

இதில் எதையும் நான் எழுதப் போவதில்லை. நான் செய்யப் போவது இவ்வளவுதான். நாளை பத்து மணிக்கு, கடவுள் மணிக்கு, இந்தத் தாள்களை அப்படியே சபையில் வாசிப்பேன். துணிக்கட்டு, கட்டைவிரல், கழுதை, நூற்று நாற்பத்தெட்டுப் படி, எல்லாவற்றையும். பலகையைச் சபையிலேயே, அக்கா கொண்டுவரும் முக்காலிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன், தூரிகையும் வெள்ளை வண்ணமும் தயாராக.

சபைக்கு முன்னால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ஆகவே முதலில் உங்களிடமே கேட்கிறேன். செவிடி அருவிக்கு ஆகும் நேரம்: ——

வாசிக்கப்பட்டது. என் அக்கா தொமாசா அருவிக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று ஒப்புக்கொள்பவர்கள் கை உயர்த்துங்கள். எங்கள் ஊர் வழக்கப்படி எழுந்து நின்றுதான் உயர்த்த வேண்டும். இன்றைக்கு வேண்டாம். உட்கார்ந்தபடியே உயர்த்துங்கள்.